மறுபடியும் மதிப்பீட்டுக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள அம்முவுக்கு,

மறுபடியும் மனநல மதிப்பீட்டுக்கு அழைப்பு வந்திருப்பதாகவும், போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தாய். போக வேண்டும் என்றே நான் சொல்வேன். ஆனால் சென்ற முறை போல வெறுங்கையோடு போகாதே. உன்னிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்பதை முன்னதாகவே எழுத்தில் தெரிவித்துவிட்டுப் போ.

சென்ற முறை உன்னை மதிப்பிட்டவர்கள் கொடுத்த அறிக்கையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நேர்த்தியாக உடுத்தியிருந்தார், கண்ணைப் பார்த்துப் பேசினார், தெளிவாகப் பதில் சொன்னார் என்று தொடங்கி, உனக்கு உடனடி உதவி எதுவும் தேவையில்லை என்று முடித்திருக்கிறார்கள். லண்டன் வார்டுகளில் செவிலியராக இருந்த காலம் முழுவதும் இத்தகைய வரிகளைப் படித்தவள் நான். தோற்றம், பேச்சு, முகபாவம் ஆகியவற்றை எதிரில் இருப்பவர் கவனித்து எழுதுவது மனநிலைப் பரிசோதனையின் ஒரு பகுதி. துயரத்தில் இருப்பவரின் முகத்தில் துயரம் தெரியும் என்று அது எடுத்துக்கொள்கிறது. ஆட்டிசத்தோடு பிறந்து, பிறர் முகம் சுளிக்காதிருப்பதற்காகச் சிறு வயது முதலே கண்ணைப் பார்க்கவும் புன்னகைக்கவும் பயின்று வந்த உன்னிடம் அந்தக் கணக்குப் பொருந்தாது. அந்த அறையில் நலமாகத் தெரிந்ததற்கு விலையாக, வீடு திரும்பியபின் பேச்சே வராமல் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக் கிடந்தாயே, அது அறிக்கையில் எங்கும் இல்லை.

சாரா காசிடியும் அவருடன் பணியாற்றியவர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் தம் இயல்பை மறைத்துக்கொண்டு வாழ்வதும், வேண்டிய உதவி கிடைக்காமல் போவதும் தற்கொலை எண்ணத்தோடு தொடர்புடையவை என்று கண்டார்கள். அப்படியிருக்க, அறைக்குள் எல்லாவற்றையும் சரியாகச் செய்து காட்டுபவரைப் பற்றியல்லவா கூடுதலாக விசாரிக்க வேண்டும்? அவரை முதலில் வீட்டுக்கு அனுப்பிவிடுவதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

மனச்சோர்வை அளக்கும் அந்த ஒன்பது கேள்விகளைப் பற்றி நீ எழுதியதும் நியாயமே. கடந்த 2 வாரங்களில் எத்தனை நாள் என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இடுகிறார்கள். தூக்கம் வராமையையும் அதிகத் தூக்கத்தையும் ஒரே வரியில் சேர்த்துக் கேட்கிறார்கள். 'நான் பிறந்ததிலிருந்தே சரியாகத் தூங்காதவள், இந்த இரண்டு வாரத்துக்கு மட்டும் என்ன எழுதுவது?' என்று நீ தயங்கியதில் தவறே இல்லை. மனத்தில் என்ன உணர்கிறாய் என்று கேட்டால் உன்னால் சொல்ல முடிவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தம் உணர்ச்சி இன்னதென்று அடையாளம் காண்பதே கடினம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் நெஞ்சு கனக்கிறது, சாப்பிட மறந்துபோகிறது, பாத்திரச் சத்தம் தாங்க முடியவில்லை என்று நீ சொல்வாய். அவற்றையே தேதியிட்டு எழுதிக் கொண்டு போ. உயிரை விடும் எண்ணம் உண்டா என்ற கேள்வியும் உன்னைக் குழப்பியதாகச் சொன்னாய். அத்தகைய கேள்விகளையே ஆட்டிசம் உள்ள பெரியவர்களோடு கலந்து பேசி, அவர்களுக்குப் புரியும்படி திருத்தி அமைத்த படிவம் 2021இல் காசிடியின் குழுவிடமிருந்து வந்திருக்கிறது. அது அங்கே உண்டா என்று கேள். இல்லையென்றாலும், அந்த எண்ணம் எப்போதெல்லாம் வருகிறது, வந்தால் என்ன செய்கிறாய் என்பதை மறைக்காமல் எழுதிக் கொடு. மதிப்பீட்டு நாள் வரும்முன் அது வலுத்தால் காத்திருக்காதே. எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு, இங்கிலாந்தின் மருத்துவ உதவி எண்ணான 111ஐயும் கூப்பிடு.

உனக்கிருப்பது மனச்சோர்வா, ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வரும் பெருங்களைப்பா என்பதையும் அவர்களிடம் கேட்க வேண்டும். டோரா ரேமேக்கரும் குழுவினரும் 2020இல் அக்களைப்பை விவரித்தபோது, நீண்டகாலச் சோர்வு, செய்துவந்த வேலைகளைச் செய்ய முடியாமற் போதல், ஒலி ஒளி போன்றவற்றைத் தாங்கும் திறன் குறைதல் என்று மூன்றைச் சொன்னார்கள். கடைக்குப் போய்வருவதே உன்னால் முடியாமல் போனதை நினைத்துப் பார். வெளியே போ, நாலு பேரோடு பழகு என்ற அறிவுரை அந்த நிலையில் இருப்பவரை மேலும் களைப்பில் தள்ளிவிடும் என்பதே என் எண்ணம்.

கேட்பதற்குக் கூச்சப்படாதே, அம்மு. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, உனக்கேற்ற நியாயமான மாற்றங்களைச் செய்து தருவது அவர்கள் கடமை. கேள்விகளை முன்கூட்டியே அனுப்புவது, எழுதிப் பதில் தர விடுவது, வெளிச்சம் குறைந்த அறை, இடையில் ஓய்வு ஆகியவற்றைக் கேள். ஒலிவர் மெக்கவன் என்ற, ஆட்டிசம் உள்ள 18 வயதுப் பையனுக்கு, அவனும் பெற்றோரும் வேண்டாமென்று சொல்லியும், மனநோய்க்கான மருந்தைக் கொடுத்தார்கள். 2016 நவம்பரில் அவன் இறந்துபோனான். மருத்துவப் பணியாளர்கள் ஆட்டிசம் பற்றிப் பயிற்சி பெற வேண்டும் என்று 2022இல் வந்த சட்டம் அந்தப் பெற்றோரின் விடாமுயற்சியால் வந்தது. உனக்கு ஒத்துக்கொள்ளாத மருந்துகளின் பெயரையும் தாளின் முதல் வரியிலேயே எழுது.

கடிதத்தை எழுதியதும் எனக்கு அனுப்பு, படித்துப் பார்க்கிறேன். உடன் வரவேண்டுமென்றால் முதல் நாளே ரயிலேறி வந்துவிடுகிறேன். நீ கேட்டுக்கொண்டால் மட்டும் பேசுவேன், மற்ற நேரத்தில் அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்வேன்.

அன்புடன்,
அம்மா