சிறிய ஒலி இதழில் உலக அரசியல்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததைப் படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடச் சொல். பேரன் எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்கிறான் என்று எழுதியிருக்கிறாய். அடக்காதே, அப்படியே வளரட்டும்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. மகளும் வேலை மாறிப் போய்விட்டாள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஒன்று கூடியிருக்கிறது, மற்றபடி நலம். மாலை நேரமெல்லாம் நாங்கள் பேசிப் பதிவு செய்து வெளியிடும் ஒலி இதழுக்குத்தான் போகிறது. நீயும் அங்கே ஒன்று தொடங்கிவிட்டாய் என்று அறிந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் குழுவில் பாதிப் பேர், "குடிநீர் வரவில்லை, சாலை போடவில்லை, அதைப் பேசினால் போதும், பாலஸ்தீனமும் வர்த்தகப் போரும் நமக்கு எதற்கு? அதற்குப் பெரிய தொலைக்காட்சிகள் இருக்கின்றன" என்கிறார்கள். மீதிப் பேர் உலக அரசியல் பேசாவிட்டால் இயக்கம் என்ற பெயரே வேண்டாம் என்கிறார்கள். என் பக்கம் எது என்று கேட்டிருக்கிறாய். பேசத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பெரிய ஊடகங்கள் சொன்னதையே நாம் இன்னொரு முறை வாசிப்பதாக இருந்தால் வேண்டாம். உலகத்தில் நடப்பதன் சுமை யார் தோளில் இறங்குகிறதோ, அவர்கள் பேச வேண்டும். நாம் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டால் போதும்.

தென்னமெரிக்க நாடான பொலிவியாவின் சுரங்க வானொலிகளைப் பற்றி நாம் இளம்வயதில் அரைகுறையாகக் கேள்விப்பட்டோமே, அதை இப்போதுதான் நிதானமாகப் படித்தேன். ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில் வெள்ளீயச் சுரங்கங்கள். 1940களின் கடைசியிலிருந்தே, 1952 புரட்சிக்குப் பிறகு இன்னும் வேகமாக, அங்கிருந்த தொழிற்சங்கங்கள் சொந்தமாக வானொலி நிலையங்கள் அமைத்தன. உச்சத்தில் இருபதுக்கும் மேல் இருந்தன. தொழிலாளர்கள் தங்கள் கூலியில் ஒரு பங்கைக் கொடுத்தே அவற்றை நடத்தினார்கள். ஸ்பானிஷில் மட்டுமல்ல, அந்த மண்ணின் பழங்குடி மொழிகளான கெச்சுவாவிலும் அய்மாராவிலும் பேசினார்கள். பிறந்தநாள் வாழ்த்து, கால்பந்து, காணாமல் போனவர் அறிவிப்பு எல்லாம் அதில் வரும். சங்கக் கூட்டமும் நேரலையாக அதிலேயே வரும்.

அவர்களுக்கு உள்ளூர், உலகம் என்ற பிரிவே கிடையாது. வெள்ளீயத்தின் விலை லண்டன் உலோகச் சந்தையில் முடிவாகும். அமெரிக்கா தன் கையிருப்பைச் சந்தையில் இறக்கினால் விலை விழும். சுரங்கத்துக்குள் இறங்குகிறவனுடைய அந்த மாத வாழ்க்கை அதில் அடங்கியிருந்தது. ஆகவே லண்டன் சந்தையைப் பற்றிப் பேசுவது அங்கே கூலியைப் பற்றிப் பேசுவதுதான். சிக்லோ வெயிந்தே சுரங்கக் குடியிருப்பின் இல்லத்தரசிகள் குழுவை நடத்திய தோமித்திலா சுங்காரா, 1975-ல் மெக்சிகோ நகரில் ஐ.நா.வின் உலகப் பெண்கள் ஆண்டை ஒட்டி நடந்த மன்றத்தில் எழுந்து பேசினார். படித்த சீமாட்டிகள் நடுவே அவர் தயங்காமல் நின்றதற்கு அந்த நீண்ட பழக்கமே காரணம் என்று நான் நம்புகிறேன். ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று தன் பசியையும் நாட்டின் கடனையும் ஒரே மூச்சில் பேசிப் பழகிய சமூகத்திலிருந்து வந்தவர் அவர்.

1980 ஜூலை 17-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. நகரத்து நிலையங்கள் அடங்கிய பிறகும் சுரங்க வானொலிகள் ஒன்றோடொன்று இணைந்து சங்கிலியாக ஒலிபரப்பின. ராணுவம் ஒவ்வொன்றாகப் பிடித்துத்தான் அவற்றை நிறுத்த முடிந்தது. ஆனால் பிறகு நடந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. 1985 ஆகஸ்டில் அரசு, சந்தைக்குக் கதவைத் திறந்துவிடும் ஆணையைப் பிறப்பித்தது. அதே அக்டோபரில் உலக வெள்ளீயச் சந்தையே சரிந்து விழுந்தது. அரசுச் சுரங்கங்களில் 20,000-க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். கூலி இல்லை, சந்தா இல்லை, கேட்க ஆளும் இல்லை. குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டன. துப்பாக்கியால் நிரந்தரமாக அடக்க முடியாத வானொலிகள் அப்படித்தான் தேய்ந்தன. உங்கள் குழுவில் "உலகம் நமக்கு எதற்கு" என்று கேட்கிற தோழர்களுக்கு இதை மட்டும் சொல்.

எங்கள் குழுவில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஏற்றுமதிச் சட்டை தைக்கும் கம்பெனியில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் எங்களோடு இருக்கிறார். ஒருநாள் ஒலிப்பதிவுக்கு வந்தவர், கைப்பையிலிருந்து சட்டைக் காலரில் தைக்கிற துணி லேபிள்களைக் கொத்தாக எடுத்து மேசையில் போட்டார். மூன்று நான்கு ஐரோப்பிய மொழிகளில் சலவைக் குறிப்பு அச்சடித்த லேபிள். "இது மூட்டை மூட்டையா கிடக்குது, தைக்கத் துணி வரலை. ஓவர்டைம் நின்னு போச்சு. சூப்பர்வைசரைக் கேட்டா கப்பல் சுத்திப் போகுதுங்கறார். கப்பல் ஏன் சுத்திப் போகணும்?" என்று கேட்டார்.

அன்று வேறு ஏதோ பதிவு செய்வதாக இருந்தது; அதை அப்படியே ஒதுக்கிவைத்தோம். கப்பலில் இஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரை அழைத்தோம். 2023 நவம்பரிலிருந்து ஏமனின் ஹூத்தி என்ற ஆயுதக் குழுவினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்குகிறார்கள், அதனால் கப்பல் கம்பெனிகள் சூயஸ் கால்வாயை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகின்றன, பயணம் பத்து நாள், இரண்டு வாரம் என்று நீள்கிறது, வாடகை ஏறுகிறது என்று அவர் வரைபடத்தில் விரலை ஓட்டிக் காட்டினார். "அவங்க ஏன் தாக்கறாங்க?" காசா போருக்காக என்று ஹூத்திகள் சொல்வதாகச் சொன்னோம். "காசால என்ன நடக்குது?" இப்படியே அக்கா கேட்டுக்கொண்டே போனார். நாங்கள் உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொன்னோம், தெரியாததற்குத் தேடிப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் சொன்னோம். கடைசியில் அவர் கேட்டது, "அங்கயும் எங்களை மாதிரி தையல் வேலை பாக்கறவங்க இருப்பாங்களா?" 

இருந்தார்கள் நண்பா. 2007-ல் இஸ்ரேலின் முற்றுகை தொடங்குவதற்கு முன்னால் காசாவில் நூற்றுக்கணக்கான தையல் ஆலைகள் ஓடின. இஸ்ரேலியச் சந்தைக்கே நிறையத் தைத்துக் கொடுத்தார்கள். முற்றுகையில் நூல் உள்ளே வரவும் சட்டை வெளியே போகவும் வழியில்லாமல் அவற்றில் பெரும்பாலானவை மூடப்பட்டன. இதை அக்காவே தன் குரலில் அடுத்த இதழில் சொன்னார். அதுவரை எங்களை ஒருமுறைகூட அழைக்காத பெண்கள் அன்றைக்குத் தொலைபேசியில் அழைத்தார்கள். எந்த நிபுணரை உட்கார வைத்திருந்தாலும் இது நடந்திருக்காது.

இந்த வேலையை எங்களுக்கு முன்பே எத்தனையோ பேர் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இம்மோக்கலி என்ற இடத்தில் தக்காளி பறிக்கும் தொழிலாளர்கள் 2003-ல் ஒரு சிறு பண்பலை நிலையம் அமைத்தார்கள். அந்த வகை உரிமத்துக்கு உச்சவரம்பே 100 வாட்தான். மெக்சிகோவிலிருந்தும் குவாத்தமாலாவிலிருந்தும் ஹைத்தியிலிருந்தும் வந்தவர்கள், தங்கள் தங்கள் மொழியில் பேசினார்கள். ஒரு பவுண்டு தக்காளிக்கு ஒரு சென்ட் கூடுதல் கேட்டு ஒரு பெரிய துரித உணவுக் கம்பெனிக்கு எதிராக 2001-ல் தொடங்கிய புறக்கணிப்பில் 2005-ல் வென்றவர்கள் இவர்கள்தான்.

1999 நவம்பரில் சியாட்டிலில் உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டை எதிர்த்து மக்கள் திரண்டபோது பிறந்த இண்டிமீடியா என்ற இணையச் செய்தித் தளத்தை உனக்கு நினைவிருக்கும். யார் வேண்டுமானாலும் தன் செய்தியைத் தானே வெளியிடலாம் என்ற ஏற்பாடு அப்போது எவ்வளவு பெரிய விஷயம்! சில ஆண்டுகளிலேயே உலகெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட மையங்கள் வந்தன. பிறகு அது தேய்ந்ததற்குக் காரணங்களும் உண்டு. வெறுப்புப் பதிவுகளை வடிகட்ட ஆளில்லாமல் போனது, தன்னார்வலர்கள் சோர்ந்தார்கள், பிறகு ஃபேஸ்புக் வந்து எல்லாரையும் இழுத்துக்கொண்டது. 2004 அக்டோபரில் லண்டனில் இருந்த அவர்களுடைய இரண்டு சர்வர்கள் கைப்பற்றப்பட்டு, ஏறக்குறைய இருபது மையங்களின் தளங்கள் ஒரே நாளில் இருண்டன. கோரிக்கை ஐரோப்பாவிலிருந்து, உத்தரவு அமெரிக்காவிலிருந்து, இயந்திரம் இருந்தது பிரிட்டனில். ஆகையால் உங்கள் ஒலிப்பதிவுகளை ஒரே கம்பெனியின் கிடங்கில் மட்டும் போட்டுவைக்காதே. குழுவில் இரண்டு பேர் வீட்டிலாவது முழுப் பிரதி இருக்கட்டும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள். பல நாடுகளில் கெடுபிடி உண்டு. இந்தியாவில் சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்பக் கூடாது; அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே, அல்லது உள்ளூர் மொழியில் பெயர்த்துத் தரலாம், அவ்வளவுதான். சத்தீஸ்கரில் 2010-ல் தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா செல்பேசி வழியைப் பிடித்தது. கோண்டி பேசும் பழங்குடி மக்கள் அழைத்துத் தங்கள் செய்தியைப் பதிவு செய்தார்கள், குழு அதைச் சரிபார்த்தது, பிறகு யார் அழைத்தாலும் கேட்க முடிந்தது.

அந்தச் சரிபார்ப்பில் நீ கறாராக இருக்க வேண்டும். போர்க் காலத்தில் பழைய படங்களும் வேறு நாட்டுப் படங்களும் புதிய தலைப்போடு சுற்றும். நம் பக்கத்து நியாயத்துக்கு உதவுகிறது என்பதற்காக ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று தோழர்கள் அழுத்துவார்கள். விடாதே. காசாவுக்குள் சுதந்திரமாகப் போய்ச் செய்தி சேகரிக்க வெளிநாட்டு நிருபர்களை இஸ்ரேல் விடவில்லை. உலகம் அறிந்ததில் பெரும்பகுதி அங்கேயே பிறந்து வளர்ந்த நிருபர்கள் வழியாகத்தான். அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். சொந்த வீடு இடிந்த மறுநாளும் பெயர், இடம், நேரம் சரிபார்த்து அனுப்பியவர்கள் இருக்கும்போது, பாதுகாப்பான அறையில் உட்கார்ந்திருக்கும் நாம் ஒரு படத்தின் தேதியைப் பார்க்கச் சோம்பலாமா?

பணம் பற்றிக் கேட்டிருந்தாய். வெளிநாட்டு நிதிக்கு விண்ணப்பிக்கச் சொல்லி உன் குழுவில் ஒருவர் யோசனை சொல்கிறாராம். நான் வேண்டாம் என்பேன். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை முடக்கியபோது என்ன ஆயிற்று என்று பார். சுதந்திர ஊடகங்களுக்கென அந்த ஆண்டுக்கு ஒதுக்கியிருந்த 268 மில்லியன் டாலர் நின்றுபோனது. பல நாடுகளில் சிறு இதழ்களும் வானொலிகளும் ஒரே வாரத்தில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. நல்ல வேலை செய்த இடங்கள் அவை, குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் ஒரு தலைநகரத்தில் போடும் கையெழுத்தில் நம் குரல் நிற்கக் கூடாது. அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 1949-ல் தொடங்கிய கேபிஎஃப்ஏ வானொலி பெரும்பாலும் கேட்பவர்கள் கொடுக்கும் பணத்தை நம்பித்தான் நடந்துவந்திருக்கிறது. எங்களுக்கும் கேட்பவர்களிடமிருந்து சின்னச் சின்னத் தொகையாகத்தான் வருகிறது. கணக்கை ஒவ்வொரு மாதமும் நிகழ்ச்சியிலேயே வாசித்துவிடுகிறோம். அதைக் கேட்டே புதிதாகக் கொடுக்க வருகிறவர்கள் உண்டு.

உங்கள் முதல் உலக நிகழ்ச்சிக்கு எதை எடுப்பது என்று யோசிக்கிறாய் அல்லவா? குழுவில் யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று முதலில் எழுதிப்பார். உர மூட்டை வாங்குகிறவர், வெளிநாட்டில் வேலை செய்யும் மகனுடைய பணத்துக்குக் காத்திருக்கிறவர், மீன்பிடிக்கப் போகிறவர், யாராவது இருப்பார்கள். அவர் கேட்கிற முதல் கேள்வியிலிருந்து தொடங்கு. பேராசிரியர்களை இரண்டாவது, மூன்றாவது இதழில் கூப்பிட்டுக்கொள்ளலாம். "குடிநீர் போதும்" என்கிற தோழர்களையும் ஒதுக்கிவிடாதே. குடிநீர்த் திட்டத்துக்குக் கடன் எந்த வங்கி கொடுத்தது, என்ன நிபந்தனையில் கொடுத்தது என்று விசாரிக்கும் பொறுப்பை அவர்களிடமே கொடு.

எங்கள் அக்காவின் இரண்டு இதழ்களின் பதிவையும் தனியாக அனுப்பியிருக்கிறேன். ஒலித்தரம் சுமார்தான், மின்விசிறி சத்தம் இருக்கும். உங்கள் குழுவோடு உட்கார்ந்து கேட்டுவிட்டு யார் என்ன சொன்னார்கள் என்று எழுது. பிடிக்கவில்லை என்றவர்கள் சொன்னதை விரிவாக எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்