பெயர் தெரியும் வரை பொறுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒவ்வொரு வருடமும் யூலை 22 நெருங்கும்போது இந்தக் கடிதத்தை எழுத நினைப்பேன். அடுத்த நாளே 83 கலவரத்தின் நினைவுநாள் வந்துவிடும். அந்த ஓட்டத்தில் எழுதாமலே விட்டுவிடுவேன். இந்த முறை எழுதியே விடுகிறேன்.

ஒஸ்லோவில் இருந்துகொண்டு உங்கள் பத்திரிகையை இணையத்தில் தினமும் வாசிக்கிறேன். ஐரோப்பாவில் ஒரு தாக்குதல் நடந்தால் முதலில் உங்கள் தலைப்பைத்தான் பார்ப்பேன். செய்தவனுக்கு முஸ்லிம் பெயர் என்றால் 'பயங்கரவாதி' என்று வருகிறது. வெள்ளைக்காரன் என்றால் 'துப்பாக்கிதாரி', 'மனநலம் பாதிக்கப்பட்ட இளைஞர்' என்று வருகிறது. வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் அனுப்புவதைத்தான் நீங்கள் மொழிபெயர்க்கிறீர்கள், அது எனக்குத் தெரியும். ஆனாலும் எந்தத் தமிழ்ச் சொல்லைப் போடுவது என்பது உங்கள் கையில்தானே இருக்கிறது.

2011 யூலை 22 வெள்ளிக்கிழமை, மழை நாள். நான் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். பின்னேரம் 3.25க்கு அரசாங்கக் கட்டடங்களுக்கு முன்னால் குண்டு வெடித்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். கூடத்துத் தொலைக்காட்சியில் நிபுணர்கள் வந்து உட்கார்ந்தார்கள், அல்கைதா என்றார்கள். யார் செய்தது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

என்னோடு வேலை செய்த சோமாலியப் பெண்ணும் நானும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு நடந்தோம். பஸ் தரிப்பிடத்தில் நின்ற ஒருவர் அவளைப் பார்த்து, "இப்போது சந்தோசமா?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார். அவள் பதில் பேசவில்லை. கொஞ்சத் தூரம் போனதும் ஒரு கடை வாசலில் ஒதுங்கி, முக்காட்டில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி என்னிடம் தந்தாள். முக்காட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு மழைச்சட்டையின் தொப்பியைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள். அவளை எனக்கு ஆறு வருடப் பழக்கம், அன்றுதான் முதன்முதலில் அவளுடைய தலைமுடியைப் பார்த்தேன். அந்த ஊசியை வீடு வரை கைக்குள்ளேயே பொத்திக்கொண்டு போனேன்.

எனக்கு அந்த நேரம் தம்பியின் ஞாபகம்தான் வந்தது. 1996இல் மத்திய வங்கியில் குண்டு வெடித்த கையோடு கொழும்பு லொட்ஜ் ஒன்றில் அவனைப் பிடித்தார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. அவன்மேல் இருந்த சாட்சியம் அவ்வளவுதான். பதினொரு மாதம் உள்ளே இருந்தான்.

வீட்டுக்குள் நுழையும்போதே போன் அடித்தது. ஊரிலிருந்து அக்கா. "முஸ்லிம் ஆக்கள் குண்டு வைச்சிட்டாங்களாம், பத்திரமா இருக்கிறியோ?" என்று கேட்டார். அக்கா அதைக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அந்தக் குண்டை வைத்துவிட்டுப் போன, பொலிஸ் உடுப்புப் போட்ட ஒரு நோர்வேஜியன் உத்தோயா தீவில் பிள்ளைகளைச் சுட்டுக்கொண்டிருந்தான். அங்கே 69 பேர், பாதிக்கு மேல் இருபது வயதுகூட ஆகாதவர்கள். தொழிற்கட்சியின் இளைஞர் முகாம் அது. வெளிநாட்டவரை இந்த நாட்டுக்குள் விட்ட கட்சி என்பதுதான் அவனுடைய கோபம். பின்னாளில் ஒஸ்லோவின் துணை மேயரான எங்கள் தமிழ்ப் பெண் ஹம்சாயினி குணரத்தினம் ஏரியில் குதித்து நீந்தித் தப்பிய தீவும் அதுதான். லண்டன் 'சன்' பத்திரிகையோ மறுநாள் முதற்பக்கத்தில் அல்கைதாவின் பெயரைப் போட்டு, 'நோர்வேயின் 9/11' என்று அச்சடித்திருந்தது.

அப்புறம் விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தபோது ஒரு விஷயத்தை வாசித்து இரவு முழுக்க நித்திரை வரவில்லை. குண்டு வெடித்துப் பத்து நிமிடமளவில், வழியால் போன ஒருவர் பொலிஸுக்குப் போன் எடுத்து, துப்பாக்கியோடு பொலிஸ் உடுப்பில் ஒருவன் காரில் ஏறிப் போனதைச் சொல்லி, கார் இலக்கத்தையும் கொடுத்திருக்கிறார். அதை எழுதிய மஞ்சள் துண்டு கிட்டத்தட்ட 20 நிமிடம் மேசையில் கிடந்திருக்கிறது. கண்ணால் கண்ட ஒருவரின் வார்த்தை அங்கே கிடந்தது. ஒன்றும் காணாதவர்களின் ஊகம் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

செய்தவனின் பெயர் வெளியே வந்ததும் பேச்சு மாறிவிட்டது. எங்கள் முதியோர் இல்லத்திலேயே "பாவம், மூளை பிசகியவன்" என்றார்கள். முதல் மருத்துவ அறிக்கையும் அப்படித்தான் சொன்னது. உயிரிழந்தவர்களின் குடும்பங்கள் விடவில்லை. இரண்டாவது அறிக்கை அவன் தெளிவாகத்தான் இருந்தான் என்றது. 2012 ஆகஸ்ட் 24இல் நீதிமன்றமும் அதையே ஏற்று, பயங்கரவாதக் குற்றத்துக்கு நீடிக்கக்கூடிய 21 வருடத் தடுப்புக்காவல் விதித்தது. நீதிமன்றம் தயங்காமல் சொன்ன சொல்லை எழுதப் பத்திரிகைகள் ஏன் தயங்க வேண்டும்?

முஸ்லிம் பெயருள்ளவர் செய்தால் மூடி மறைக்கச் சொல்லவில்லை. 2022 யூனில் ஒஸ்லோ மதுக்கடையொன்றில் இரண்டு பேரைக் கொன்றவனுக்கும் பயங்கரவாதக் குற்றத்துக்காக 30 வருடம் கொடுத்தார்கள். சரியான தீர்ப்பு. அதேபோல 2019 ஆகஸ்டில் ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் பாரும் என்ற இடத்தில் இருக்கும் பள்ளிவாசலுக்குள் துப்பாக்கியோடு புகுந்த நோர்வேஜிய இளைஞனையும் அதே சொல்லால் எழுதுங்கள். அவனை மடக்கிப் பிடித்தவர் முகமது ரபீக் என்ற 65 வயது முதியவர். அவர் பெயரையும் தலைப்பில் போடுங்கள்.

எங்கள் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். புலிகள் மறுத்தார்கள், தப்பியவர்கள் புலிகள்தான் என்றார்கள். எங்கள் வீட்டில் அதைக் 'காத்தான்குடிச் சம்பவம்' என்றுதான் சொல்வோம். நானும் அப்படித்தான் சொன்னேன். தம்பியைப் பயங்கரவாதி என்று பிடித்தபோது தெருவில் நின்று அழுத எனக்கு, அங்கே செத்தவர்களுக்காக அந்தச் சொல்லை எடுக்க நா எழவில்லை. அந்த வெட்கம் இன்றும் இருக்கிறது.

ஆசிரியர் ஐயா, நான் கேட்பது பெரிய காரியமில்லை. முதல் நாள் என்ன நடந்தது, எத்தனை பேர் என்று மட்டும் போடுங்கள். யார் என்பது பொலிஸ் சொன்ன பிறகு வரட்டும். முந்திக்கொண்டு போட்டது பிழையென்றால், திருத்தத்தை உள்பக்க மூலையில் போடாமல் அதே முதற்பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். என் அக்கா முதற்பக்கம் மட்டும்தான் வாசிப்பார்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகி,
ஒஸ்லோ, நோர்வே