உட்படு சார்பில் தவறும் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டெல்டா மாவட்ட பிளஸ் 1 பிள்ளைகள் உட்படு சார்பை (ஒய்-ஐத் தனியே பிரிக்காமல், எக்ஸும் ஒய்யும் கலந்த சமன்பாடாகத் தரப்படும் சார்பை) வகையிடும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். எக்ஸ்² + எக்ஸ்·ஒய் + ஒய்² = 7 என்ற சமன்பாட்டில் ஒய்²-ஐ வகையிட்டு வெறும் 2ஒய் என்று எழுதிவிடுகிறார்கள். ஒய், எக்ஸைச் சார்ந்தது. சங்கிலி விதிப்படி 2ஒய்·ஒய்′ என்றே வர வேண்டும் (ஒய்′ என்பது எக்ஸைப் பொறுத்து ஒய்யின் வகைக்கெழு). நடு உறுப்புக்குப் பெருக்கல் விதி: ஒய் + எக்ஸ்·ஒய்′. வலப்பக்க 7 மாறிலி, பூச்சியமாகும். ஒய்′ உள்ளவற்றை ஒருபுறம் திரட்டினால் ஒய்′ = −(2எக்ஸ் + ஒய்)/(எக்ஸ் + 2ஒய்). (1, 2) புள்ளியில் சாய்வு −4/5. ஒய்²-க்கு ஒய்′ போடாமல் விட்டவருக்கோ −8 வரும்! பகுதியான எக்ஸ் + 2ஒய் பூச்சியமாகும் புள்ளிகளில் தொடுகோடு செங்குத்தாக நிற்கும்.

தங்கள் மாணவர் பக்கத்தில் விடையோடு இந்தப் படிகளையும் அச்சிட வேண்டுகிறோம்.

— மேல்நிலைக் கணித ஆசிரியர்கள், கும்பகோணம்