தரங்கம்பாடி ரயில் பாதையில் நடக்க விடுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிநாட்டுக் கடற்கரைகள் பற்றி வந்த கட்டுரையில், டென்ட் போட்டுத் தங்குவதெல்லாம் வாலிபப் பிள்ளைகளுக்குத்தான் சரி என்று ஒரு வரி இருந்தது. எனக்கு 66 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். போன ஜூலையில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கடற்கரையில் மூன்று ராத்திரி டென்ட்டில் படுத்துவிட்டு வந்திருக்கிறேன். அங்கே நடந்த பழைய ரயில் பாதையைப் போல, ரயில் நின்றுபோன நம் தரங்கம்பாடிப் பாதையையும் நடக்கத் திறந்துவிடலாமே என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

லீட்ஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மாப்பிள்ளைதான் இந்த ஏற்பாட்டைச் செய்தார். ராபின் ஹூட்ஸ் பே என்ற சின்ன மீனவர் ஊருக்கு மேலே, புல்வெளியில் டென்ட். படுக்கை சுகம் என்று பொய் சொல்லமாட்டேன். முதல் ராத்திரி மழையும் காற்றுமாக, துணிச்சுவர் மூஞ்சியிலேயே வந்து அடித்தது. பாதி ராத்திரியில் டார்ச்சை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்கு நடந்ததை நினைத்தால் இன்னமும் குளிர்கிறது. காலையில் கேஸ் அடுப்பில் மகள் கிண்டிய ரவை உப்புமா மட்டும் அமிர்தம்.

அங்கே எனக்குப் புதிதாக இருந்தது கடல் ஏறி இறங்குகிற விதம். நம் கரையில் அது ஒரு மீட்டர்கூட இருக்காது. நாம் அதைக் கவனிப்பதே இல்லை. அங்கே சில நாட்களில் ஐந்து மீட்டர்! கடல் வற்றியிருக்கும்போது பாறை மேல் நடந்து போன இடத்தில், சில மணி நேரம் கழித்து ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர். அதனால் கடல் எப்போது ஏறும் என்ற நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் கரையோரமாக நடக்கவே கிளம்புகிறார்கள், நாம் ராகுகாலம் பார்க்கிற மாதிரி.

நாங்கள் பெரும்பாலும் நடந்தது கரைக்கு மேலே, ஒரு பழைய ரயில் பாதையில். ஸ்கார்பரோவுக்கும் விட்பிக்கும் இடையே 1885இல் போட்ட லைன். சுமார் 34 கிலோமீட்டர். 1965இல் மூடிவிட்டார்கள். ஜல்லிக்குப் பதிலாக எரிந்த நிலக்கரிக் கட்டியைக் கொட்டித் தண்டவாளம் போட்டிருந்ததால் இன்றைக்கும் அதற்கு சிண்டர் ட்ராக் என்றுதான் பெயர். ஸ்கார்பரோ நகராட்சியே நிலத்தை வாங்கி, நடக்கவும் சைக்கிள் விடவும் திறந்துவிட்டது. ரயில் பாதை என்பதில் ஒரு சௌகரியம் உண்டு. ரேவன்ஸ்கார் என்ற மேட்டு ஊருக்கு ஏறும் இடத்தில் 39 அடிக்கு 1 அடி ஏற்றம். ரயிலுக்கு அது பெரும்பாடு, என் முழங்காலுக்கோ ஏறுவதே தெரியவில்லை. அந்த ரேவன்ஸ்காரில் 1890களில் ஒரு கடற்கரை நகரம் கட்டப் பார்த்திருக்கிறார்கள். தெரு போட்டு, மனை பிரித்து, கூவிக் கூவி விற்றும் போணியாகவில்லை. கடலுக்குப் போக அத்தனை உயரம் இறங்கி ஏற வேண்டும், யார் வாங்குவார்கள்? நம் ஊர் மனைப்பிரிவுக் கல் மாதிரி அங்கே வெறும் தெருக்கள் இருக்கின்றன.

மறுநாள் விட்பி. 13 வளைவுகள் கொண்ட செங்கல் பாலத்தின் மேல் நடந்து ஊருக்குள் போனோம். பிறகு 199 படி ஏறினால், 657இல் ஹில்டா என்ற துறவி நிறுவிய மடத்தின் இடத்தில் பிற்காலத்தில் கட்டிய தேவாலயம், இப்போது கூரையில்லாமல் நிற்கிறது. அந்த அம்மா பாம்புகளைக் கல்லாக்கிவிட்டதாகக் கதை. கடைகளில் அந்தப் 'பாம்புக் கல்'லைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுருள் சுருளாக, எங்கள் பாட்டி பூஜையில் வைத்திருந்த சாளக்கிராமத்துக்குள் இருப்பதேதான்! கண்டகி நதியில் கிடைப்பதும் இங்கே கிடைப்பதும் ஒரே வகைக் கடற்பிராணியின் புதைபடிவம் என்று மாப்பிள்ளை சொன்னார். அந்தக் காலத்தில் கல்லில் பாம்புத் தலை செதுக்கியே விற்றிருக்கிறார்களாம். வியாபாரம் எங்கேயும் வியாபாரம்தான். திரும்பும்போது பஸ் பிடித்து டென்ட்டுக்கு வந்துவிட்டோம்.

அன்று ராத்திரி எனக்கு மாயவரம் – தரங்கம்பாடி ரயில் ஞாபகம் வந்தது. 1926இல் ஓடத் தொடங்கி 1986இல் நிறுத்தப்பட்ட வண்டி. பொறையாறு அத்தை வீட்டுக்கு அதில்தான் போவோம். ஏறக்குறைய 30 கிலோமீட்டர், சிண்டர் ட்ராக்கைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ஏற்றமே கிடையாது. முடிகிற இடத்தில் கடலும் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையும். ரயிலைத் திரும்ப விட வேண்டும் என்று பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். விட்டால் முதல் டிக்கெட் நான்தான் எடுப்பேன். அதுவரை அந்த நிலம் கருவை மண்டிக் கிடப்பானேன்? மண்மேட்டைச் சீர்செய்து, இரண்டு பக்கமும் புங்க மரம் நட்டு, குடிதண்ணீரும் கழிப்பறையும் வைத்தால் மார்கழி, தை மாதங்களில் சுகமாக நடக்கலாம். டென்ட்கூட வேண்டாம், திருக்கடையூரில் தங்குவதற்கு இடம் உண்டு.

முதலில் திருக்கடையூர் வரைக்கும் இந்த நடைபாதையைப் போட்டால்கூடப் போதும். மீதித் தூரத்துக்குப் பஸ் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மயிலாடுதுறை