ரிக்கெட்ஸ் க்ளென் போறவங்க ஒரு ராத்திரியாவது தங்கணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க சுற்றுலா பக்கத்துல பென்சில்வேனியால இருக்கற ரிக்கெட்ஸ் க்ளென் ஸ்டேட் பார்க் பத்தி வந்த கட்டுரை படிச்சேன். போட்டோ எல்லாம் அருமை. ஆனா ஊர்ல இருந்து வந்திருக்கற அப்பா அம்மாவ கூட்டிக்கிட்டு காலைல கிளம்பினா எல்லா அருவியும் பாத்துட்டு சாயங்காலம் வீடு திரும்பிடலாம்னு எழுதியிருந்தீங்க பாருங்க, அதுதான் மனசு கேக்கல. நான் நியூ ஜெர்சியில இருக்கேன், குடும்பத்தோட அந்த பார்க்குல டென்ட் போட்டு தங்கற பழக்கம் எங்களுக்கு ரொம்ப வருஷமா உண்டு, அந்த உரிமைல எழுதறேன்.

முதல்ல தூரம். இங்கிருந்து கார்ல ரெண்டரை மூணு மணி நேரம் ஆகும், லீவு நாள்ல போய் சேரும்போது பார்க்கிங் நிரம்பிடும். அருவிப் பாதையை முழுசா சுத்தினா 7.2 மைல், அதாவது பதினொன்றரை கிலோமீட்டர், அதுல பேர் வச்ச அருவி மட்டும் 22 இருக்கு. கிச்சன் க்ரீக்னு ஒரு ஓடை, அதோட ரெண்டு கிளை ரெண்டு பள்ளத்தாக்கு வழியா இறங்கி வந்து வாட்டர்ஸ் மீட்ங்கற இடத்துல சேருது, பாதையும் தண்ணி கூடவே இறங்குது. படிக்கட்டுன்னா நம்ம கோயில் படி மாதிரி நெனச்சுடாதீங்க, பாறைப் பலகையை அடுக்கி வச்சது, ஒண்ணு முழங்கால் உயரம் இருக்கும் அடுத்தது அரையடி இருக்கும், சாரல் அடிச்சு எப்பவும் ஈரம், ஹெம்லாக் மரத்தோட சின்ன சின்ன ஊசியிலை அது மேல ஒட்டிக்கிட்டு பாசி எங்க இருக்குன்னே தெரியாது, பல எடத்துல பிடிக்க கம்பியும் கிடையாது. போன கோடைல கனோகா அருவி பக்கத்துல ஒரு அம்மாவ பாத்தேன், அறுபத்தஞ்சு வயசு இருக்கும், சேலையை தூக்கி சொருகிக்கிட்டு கால்ல சாதா செருப்போட ஒரு கையால பாறையை பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா உக்காந்து உக்காந்து இறங்கறாங்க, மகன் பாவம் கீழ நின்னு கையை நீட்டிக்கிட்டே இருக்கார். அந்தம்மா அருவியை நிமிந்து பாக்கவே இல்ல. 94 அடி உயரம், அந்த பார்க்குலயே பெரிய அருவி அதுதான், பக்கத்துல வந்தும் அவங்க கண்ணு பூரா கால் வைக்கற இடத்துலதான் இருந்துச்சு.

அடுத்தது குளியல். எனக்கு சொந்த ஊரு தென்காசி பக்கம், அருவின்னா எண்ணெய் தேச்சுக்கிட்டு தலையை நீட்டணும்னுதான் எங்க ஊர்ல பொறந்தவனுக்கு தோணும், அதை தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா ரிக்கெட்ஸ் க்ளென் அருவிகள்ல குளிக்க அனுமதி கிடையாது, அடியில இருக்கற குட்டையில இறங்கவும் கூடாது. நம்ம குத்தாலத்துல போலீஸ் இருக்கு, தண்ணி கூடினா தடை போடுவாங்க, அப்படி இருந்தும் 2024 மே மாசம் பழைய குத்தாலத்துல திடீர்னு வந்த வெள்ளத்துல ஒரு பையனோட உயிர் போச்சு. இங்க அருவிக்கு அருவி காவலுக்கு ஆள் கிடையாது, பள்ளத்துக்குள்ள போன் சிக்னலும் பெரும்பாலும் கிடைக்காது, வழுக்கி விழுந்தா ஸ்ட்ரெச்சர்ல வச்சு அந்தப் படி வழியாதான் மேல தூக்கணும். குளிக்கணும்னா மேல லேக் ஜீன்னு 245 ஏக்கர் ஏரி இருக்கு, கோடைல அங்க பீச் திறந்திருக்கும், பிள்ளைங்களுக்கு அது போதும் போதும்னு ஆயிடும்.

அதனாலதான் தங்கச் சொல்றேன். அந்த ஏரிக்கரையிலேயே கேம்ப்சைட் இருக்கு, டென்ட் வேணாம்னா கேபினும் இருக்கு, 11 மாசம் முன்னாடியே ரிசர்வேஷன் திறந்துடும், ஜூலை வார கடைசி வேணும்னா முந்தின வருஷமே போட்டு வச்சுடுங்க. முதல் நாள் சாயங்காலம் போய் சேந்து டென்ட் அடிச்சு புளியோதரையை பிரிச்சு சாப்பிட்டு படுத்தா காலைல கூட்டம் வர்றதுக்கு முன்னாடி பாதையில இறங்கிடலாம், நடக்க முடிஞ்சவங்க முழுப் பாதையும் போகாம ஹைலேண்ட் ட்ரெயில்ங்கற நடைபாதையோட சேத்து மேல்பக்கமா 3.2 மைல் ஒரு சுத்து போனாலே பெரும்பாலான அருவியை பாத்துடலாம். பெரியவங்க அந்த நேரம் ஏரிக்கரையில உக்காந்து காபி குடிக்கட்டும். அப்புறம் கார்ல அவங்கள கீழ 118ஆம் நம்பர் ரோட்டுக்கு கூட்டிட்டு வாங்க, அங்க பார்க்கிங்ல இருந்து கொஞ்ச தூரத்துலயே ஆடம்ஸ் அருவி இருக்கு, 36 அடிதான், ஆனா பாறையை தண்ணி குடைஞ்சு வச்சிருக்கற அழகு பெரிய அருவியில கூட இல்லன்னு நான் சொல்லுவேன். பக்கத்துலயே பழைய ஹெம்லாக் மரங்க, 300 வருஷத்துக்கு மேல வயசானது, நிதானமா நின்னு பாக்கலாம்.

அந்த மரமெல்லாம் எப்படி தப்பிச்சுதுன்னும் உங்க கட்டுரையில ரெண்டு வரி எழுதியிருக்கலாம். ராபர்ட் ப்ரூஸ் ரிக்கெட்ஸ்னு ஒருத்தர், அமெரிக்க உள்நாட்டுப் போர்ல, 1863 கெட்டிஸ்பர்க் சண்டையில பீரங்கிப் படையை நடத்தினவர், பின்னாடி இந்த மலையை வாங்கி மர வியாபாரம் பண்ணினார். சுத்துப்பட்டு காடெல்லாம் வெட்டியாச்சு, ஆனா இந்த ரெண்டு பள்ளத்தாக்குல மட்டும் கை வைக்கல, அதுக்கு பதிலா ஆள் வச்சு பாதை போட்டார். பல அருவிக்கு மொஹாக், ஒனைடா, செனெகா, டஸ்கரோரான்னு பழங்குடி மக்களோட பேரை வச்சார். அவர் போனப்புறம் வாரிசுங்க கிட்ட இருந்து 1942ல மாநில அரசு வாங்கிச்சு. இன்னிக்கு உள்ள போக கட்டணம் கூட கிடையாது, தங்கறதுக்கு மட்டும்தான் காசு.

தங்கறவங்க கவனிக்க வேண்டியதும் இருக்கு, இதை நம்ம ஆளுங்க கிட்ட யாராவது உரிமையோட சொல்லணும். அங்க கருப்பு கரடி உண்டு, சாப்பாடு, குப்பை, டூத்பேஸ்ட் உட்பட வாசனை வர்ற எதையும் டென்ட்டுக்குள்ள வைக்காம காருக்குள்ள வச்சு பூட்டிடணும். ராத்திரி 9 மணியில இருந்து காலை 8 மணி வரைக்கும் அமைதி நேரம், நாலு குடும்பம் சேந்தா ஸ்பீக்கர்ல பாட்டு போடணும்னு தோணும், தயவுசெஞ்சு வேணாம். பென்சில்வேனியா ஸ்டேட் பார்க்குல மது கூடாது. விறகை வீட்ல இருந்து கொண்டு போகாதீங்க, அதுல ஒட்டிக்கிட்டு வர்ற பூச்சி ஒரு காட்டையே காலி பண்ணிடும், அந்த பக்கத்துலயே வாங்கிக்கலாம். ட்ரெய்லர் இழுத்துட்டு போறவங்க ரெட் ராக்ங்கற ஊர்ல இருந்து 487ஆம் நம்பர் ரோட்ல ஏறவே கூடாது, அவ்வளவு செங்குத்து, டஷோர்ங்கற ஊர் பக்கமா சுத்திதான் வரணும்.

ஏப்ரல் மே வந்தா ஊர்ல இருந்து பெத்தவங்க ப்ளைட் ஏற ஆரம்பிச்சுடுவாங்க, அவங்கள்ல நிறைய பேர் உங்க பத்திரிகையை ஆன்லைன்ல படிக்கறவங்கதான், நீங்க எழுதினா பிள்ளைங்க கிட்ட காட்டி கூட்டிட்டு போகச் சொல்லுவாங்க. அதுக்குள்ள அந்த கட்டுரையோட, நல்ல பிடிமானம் உள்ள ஷூ இல்லாம இறங்காதீங்க, அருவியில இறங்கி குளிக்காதீங்க, முழங்கால் வலி உள்ளவங்களுக்கு ஆடம்ஸ் அருவியும் லேக் ஜீனும்னு ஒரு சின்ன கட்டம் கட்டி சேத்து மறுபடி போட முடியுமான்னு பாருங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, நியூ ஜெர்சி