உயிலில் இடம்பெறாத சொத்துகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உயில் எழுதுவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை வீடு, நிலம், நகை, வங்கி வைப்பு என்பதோடு நின்றுவிட்டது. கைப்பேசிக்குள்ளும் கணினிக்குள்ளும் இருக்கும் டிஜிட்டல் சொத்துகளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. செட்டிநாட்டில் வாழும் எனக்கு இது பெரிய குறையாகப் பட்டது.

எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் பங்கு பலருடையது. பங்காளிகளோ சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். பராமரிப்புப் பணம் அவர்களில் ஒருவருடைய வங்கிக் கணக்கில் இருக்கும். வரவு செலவு வாட்ஸ்ஆப் குழுவில் ஓடும். பாகப்பிரிவினைப் பத்திரத்தின் ஸ்கேன், மராமத்து ரசீதுகள், தாத்தா பாட்டி காலத்துப் படங்கள் எல்லாம் அவருடைய மின்னஞ்சலில் கிடக்கும். அவர் திடீரென்று காலமானால் மற்றவர்கள் எதைத் திறப்பது, எங்கே தேடுவது?

இது பெரிய வீட்டுக்காரர்களுக்கு மட்டும் உரிய கவலை அன்று. காரைக்குடியில் பலகாரம் சுட்டு வாட்ஸ்ஆப்பில் ஆர்டர் எடுக்கும் பெண்ணுக்கு, வாடிக்கையாளர் பட்டியல்தான் மூலதனம். ஆத்தங்குடித் தரைக்கல் செய்பவருக்கு இன்ஸ்டாகிராம் பக்கமே கடைவாசல். கானாடுகாத்தானில் பழைய வீட்டில் விருந்தினரைத் தங்கவைப்பவர்களுக்கு முன்பதிவுக் கணக்கும், சமையல் யூடியூப் நடத்துபவர்களுக்கு மாத வருமானமும் இருக்கின்றன. இவற்றில் எதுவும் உயிலில் வருவதாகத் தெரியவில்லை. கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் பித்தளைப் பானை முதல் எவர்சில்வர் தூக்கு வரை ஒன்றுவிடாமல் எழுதிவைக்கிற ஊர் எங்களுடையது. பேரேடும் ஐந்தொகையும் (இருப்புநிலைக் கணக்கு) எழுதிக் கடல் கடந்து தொழில் செய்த மரபும் இங்கே உண்டு. அந்தப் பழக்கம் கைப்பேசி வந்ததும் ஏன் அறுந்துபோனது என்பதுதான் என் ஆதங்கம்.

எழுதாததால் வருவது பண இழப்பு மட்டுமா? எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், தகப்பனார் இறந்த பிறகு அவருடைய கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி.யைக் கொண்டு மகன் பணத்தைத் தன் கணக்குக்கு மாற்றிக்கொண்டார். காரியச் செலவுக்காகத்தான் எடுத்தார். ஆனாலும் தங்கைகளிடம் சொல்லாமல் எடுத்தது இன்றுவரை ஆறாத மனத்தாங்கலாகிவிட்டது. கணக்கு வைத்திருந்தவர் இறந்துவிட்டால், கடவுச்சொல் தெரியும் என்பதற்காக அதை இயக்க யாருக்கும் உரிமை கிடையாது. வங்கியில் இறப்புச் சான்றிதழைக் கொடுத்து முறைப்படிதான் பெற வேண்டும்.

நமக்குப் பின் பணத்தைப் பெற ஒருவரை நாமினியாகப் போட்டுவிட்டோமே, அது போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. பொதுவாக, பணத்தைப் பெற்றுக்கொள்ளத்தான் நாமினி. அந்தப் பணம் சட்டப்படி உரியவர்களுக்குச் சேர வேண்டியது. நிறுவனப் பங்குகளில் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதனால் பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கும் மியூச்சுவல் ஃபண்டும் யாருக்கு என்பதை உயிலிலேயே எழுத வேண்டும்.

இன்னொரு மயக்கமும் உண்டு. டிஜிட்டல் சொத்துதானே, கைப்பேசியில் பேசிப் பதிவு செய்துவைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் உயிலை மின்னணு ஆவணங்களின் வரம்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. காகிதத்தில் எழுதி, கையெழுத்திட்டு, குறைந்தது இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கினால்தான் அது உயில். பதிவு செய்வது கட்டாயமில்லை; செய்தால் நல்லது.

ஆனால் அந்த உயிலுக்குள் கடவுச்சொற்களை மட்டும் எழுதவே கூடாது. பதிவு செய்த உயிலின் நகலை, எழுதியவர் இறந்த பிறகு யார் வேண்டுமானாலும் மனுப்போட்டு வாங்கலாம். இன்ன கணக்குகள் இன்னாருக்கு என்பது உயிலில் இருக்கட்டும். திறக்கும் வழியைத் தனித்தாளில் எழுதி, உறையிலிட்டு லாக்கரில் வைத்து, அந்த உறை இருக்கும் இடத்தை நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லிவைப்பதே சரி. கிரிப்டோ என்னும் மின்னணு நாணயம் வைத்திருப்பவர்களுக்கு இது உயிர்நாடி. அதைச் சொந்த வாலட்டில் (மின்னணுப் பணப்பையில்) வைத்திருந்து, அதைத் திறக்கும் வழியும் மீண்டும் பெற உதவும் மீட்புச் சொற்களும் தொலைந்துவிட்டால், எந்த நீதிமன்ற உத்தரவாலும் அந்தப் பணத்தை எடுக்க முடியாது.

கூகுளில், கணக்கு 3 முதல் 18 மாதம் வரை பயன்பாடின்றிக் கிடந்தால் அதிலுள்ளவற்றை யாருக்குத் தர வேண்டும் என்று முன்கூட்டியே குறித்துவைக்கலாம். பத்துப் பேர் வரை சேர்க்கலாம். இரண்டு ஆண்டுகள் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்கை அந்நிறுவனம் அழித்துவிடவும் கூடும். ஆப்பிளிலும் ஃபேஸ்புக்கிலும் இதுபோல் ஒருவரை நியமிக்க வசதி உண்டு. இதற்கெல்லாம் வழக்கறிஞர்கூடத் தேவையில்லை. விடுமுறைக்கு ஊருக்கு வரும் பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டால் ஒரே மாலையில் முடித்துவிடலாம்.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். உயிலோடு இணைக்கத்தக்க டிஜிட்டல் சொத்துப் பட்டியலின் மாதிரிப் படிவம் ஒன்றை, வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு எளிய தமிழில் தயாரித்துத் தங்கள் இதழில் வெளியிடுங்கள். எங்கள் வட்டாரத்துப் பத்திர எழுத்தர்களுக்கும் இதைச் சொல்கிறேன்: உயில் எழுத வருபவரிடம் சர்வே எண்ணைக் கேட்கும்போதே, மின்னஞ்சலும் இணையக் கணக்குகளும் யாருக்கு என்பதையும் கேளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
தேவகோட்டை