அக்டோபர் 14-ஆம் தேதியோடு கணினி நின்றுவிடும் என்று சொல்லி மாற்றியது குறித்த புகார்

அனுப்புநர்:
உரிமையாளர்,
டிடிபி மற்றும் அழைப்பிதழ் வடிவமைப்புக் கடை,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

பெறுநர்:
கிளை மேலாளர்,
கணினி விற்பனை மற்றும் சேவைப் பிரிவு,
புதுச்சேரி.

நாள்: 19.11.2025

பொருள்: தவறான தகவல் சொல்லி, முகூர்த்த நேரத்தில் கணினியையும் மென்பொருளையும் மாற்ற வைத்தது, பழைய சிபியுவைத் திருப்பித் தரக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

அக்டோபர் 27-ஆம் தேதி உங்கள் ஆட்கள் இருவர் என் கடைக்கு வந்து புதுக் கணினியை வைத்துவிட்டு, பழைய சிபியுவை எக்ஸ்சேஞ்சில் எடுத்துப் போனார்கள். இன்றோடு 23 நாள் ஆகிறது. இந்த 23 நாளில் நான் முழுதாக முடித்துக் கொடுத்த பத்திரிகை வேலை நான்குதான். கார்த்திகை முகூர்த்தங்களுக்கு இந்த நேரத்தில் வழக்கமாக முப்பது வேலையாவது கை மாறியிருக்கும். போனில் ஏழு முறை சொல்லிவிட்டேன். ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர் எடுத்து, முதலிலிருந்து கேட்கிறார். அதனால் நடந்தது முழுவதையும் எழுத்தில் தருகிறேன்.

எங்கள் தொழில் எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் திருவந்திபுரம். முகூர்த்த நாளில் தேவநாத சுவாமி கோயிலில் எத்தனை கல்யாணம் நடக்கும் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்தக் கல்யாணங்களில் ஒரு பங்கின் பத்திரிகை எங்கள் கடையில் உருவாகிறது. டிசைன் என் வேலை, ஸ்கிரீன் பிரிண்டிங் என் கணவர் வேலை. வேறு ஆள் கிடையாது, வேறு வருமானமும் கிடையாது. எனவே கணினியை நிறுத்தி வைத்து மாற்ற எங்களுக்கு ஆண்டில் இரண்டே மாதம்தான் உண்டு: ஆடியும் மார்கழியும். அந்த இரண்டு மாதமும் கல்யாணம் இல்லை. ஏதாவது தகராறு வந்தாலும் உட்கார்ந்து சரிசெய்ய நேரம் இருக்கும்.

இதை ஏதோ பழக்க தோஷத்தில் சொல்லவில்லை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலில் கடைக் கூரை போய், அப்போதிருந்த கணினியும் போனது. மறுவருடம் கடன் வாங்கித்தான் இந்தப் பழைய கணினியை வாங்கினோம். விண்டோஸ் 10 இலவசமாகக் கிடைத்தபோது கடைசி நாள் 2016 ஜூலை 29. ஆடி பிறக்கும்வரை காத்திருந்து, பிறந்த இரண்டாம் நாள் மாற்றினோம். 2019-ல் ஹார்டு டிஸ்க் திணறியபோது மார்கழியில் எஸ்எஸ்டி என்ற வேகமான வட்டைப் போட்டோம். ஒரு தடவைகூட ஒரு வேலையும் நிற்கவில்லை. ஒரு பொருள் பழையதாகிவிட்டது என்பதற்காக நான் மாற்றுவதில்லை. என் வேலை எந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று பார்த்து, அந்த இடத்தை மட்டும் மாற்றுவேன்.

செப்டம்பரில் உங்கள் ஆள் சர்வீஸுக்கு வந்தபோதும் இதைத்தான் சொன்னேன். எனக்குச் சிக்கல் ரேமில், அதாவது திறந்திருக்கும் வேலையைத் தாங்கும் தற்காலிக நினைவகத்தில். கணக்கே காட்டினேன். 20 அடிக்கு 10 அடி பேனர் ஒன்றை அங்குலத்துக்கு 72 புள்ளி வைத்துத் திறந்தால் 17,280-க்கு 8,640 பிக்சல், ஏறக்குறைய 15 கோடி. அச்சுக்கான நான்கு நிறத்தில் ஒரு அடுக்குக்கே சுமார் 600 எம்பி ஆகிறது. அதன்மேல் படம், பெயர், நிழல் என்று அடுக்கு ஏற ஏற 8 ஜிபி ரேம் நிரம்பி, கணினி டிஸ்கைப் போய்ச் சுரண்டுகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக் காட்டினேன்: ரேம் 97 சதவீதம், பிராசஸர் 30-ஐத் தாண்டவில்லை. ரேம் மட்டும் கூட்டிக் கொடுங்கள், மற்றதை மார்கழியில் பேசுவோம் என்றேன்.

அவர் சொன்ன பதில்: "அக்டோபர் 14-ஆம் தேதியோட விண்டோஸ் 10 முடிஞ்சுடும் மேடம். 15-ஆம் தேதி காலையில ஆன் பண்ணா கம்ப்யூட்டர் வராது." அக்டோபர் 10-ஆம் தேதி உங்கள் அலுவலகத்திலிருந்து போன் செய்தவரும் அதையேதான் சொன்னார். பயந்துபோய் 13-ஆம் தேதி முன்பணம் கட்டினேன்.

இது உண்மை இல்லை, ஐயா. அக்டோபர் 14-ஆம் தேதி நின்றது இலவசப் பாதுகாப்பு அப்டேட்தான். கணினி ஓடுவது நிற்கவில்லை. அந்த அப்டேட்டையும் இன்னும் ஓராண்டு, 2026 அக்டோபர் 13 வரை, நீட்டித்துப் பெற வழி இருக்கிறது. என் பழைய கணினி மூன்றாம் தலைமுறை ஐ5, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாததால் அது விண்டோஸ் 11-க்கு ஏறாது என்று உங்கள் ஆள் சொன்னது சரி. ஆனால் இந்த ஓராண்டு நீட்டிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எனக்கு முன்னால் ஒரு மார்கழியும் ஒரு ஆடியும் முழுதாக இருந்தன. எப்போது மாற்றுவது என்பது நான் எடுக்க வேண்டிய முடிவு. அதை இல்லாத ஒரு கெடுவைக் காட்டி நீங்கள் எடுத்துவிட்டீர்கள். கீழே சொல்லப்போகிறபடி ரேம் குறைந்ததைவிட, எழுத்துரு போனதைவிட, எனக்கு மனசு ஆறாதது இதுதான்.

சரி, மாற்றியதாவது ஒழுங்காக நடந்ததா?

முன்பணம் கட்டும்போது மூன்று கேள்வி கேட்டேன். பழைய தமிழ் எழுத்துருக்கள் வேலை செய்யுமா? பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகள் திறக்குமா? ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டர் சேருமா? மூன்றுக்கும் "எல்லாம் வரும் மேடம்" என்றார்கள். பிளாட்டருக்குப் புதுக் கணினியில் சீரியல் போர்ட்டே இல்லை. கேபிள் மாற்றி வாங்கி நானே சரிசெய்துகொண்டேன், அதைப் பெரிதாகச் சொல்ல வரவில்லை. மற்ற இரண்டும்தான் என்னை முடக்கிவிட்டன.

என்னிடம் பேஜ்மேக்கர் 7-ல் செய்த கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. சிலருக்கு அது 2001-ல் வந்த கிழட்டு மென்பொருள். எங்களைப் போன்ற கடைகளுக்கு அதில்தான் இரண்டு தலைமுறை வாடிக்கையாளரின் குடும்பப் பெயர் வரிசையே இருக்கிறது. அந்தக் கோப்புகளை, பேஜ்மேக்கருக்கு அடுத்து வந்த இன்டிசைன் மென்பொருளில் சிஎஸ்6 பதிப்பு வரை திறக்கலாம். அதற்குப் பின் வந்த, நீங்கள் இப்போது போட்டுத் தந்திருப்பது போன்ற சந்தாப் பதிப்புகள் திறக்காது. நான் 2012-ல் முழு விலை கொடுத்து வாங்கிய சிஎஸ்6 அந்தப் பழைய சிபியுவில்தான் இருந்தது. பழையதற்கும் புதியதற்கும் அதுதான் பாலம். எழுத்துருவும் அப்படியே. என் எழுத்துருக்களில் பாதி டைப் 1 என்ற பழைய எழுத்துருக் கோப்பு வகை. 2023 ஜனவரியோடு அந்த வகைக்கான ஆதரவை நிறுத்தப்போவதாக இன்டிசைனைத் தயாரிக்கும் அடோபி முன்கூட்டியே அறிவித்திருந்தது. விற்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாமா? போதாததற்கு, டேட்டா மாற்றித் தரக் கட்டணம் வாங்கிய உங்கள் ஆட்கள் டி டிரைவை மட்டும் நகலெடுத்துவிட்டு, எழுத்துருக்கள் இருந்த சி டிரைவைத் தொடவே இல்லை. எழுத்துரு சிடிக்கள் 2015 வெள்ளத்திலேயே ஊறிப் போய்விட்டன. இப்போது என்னிடம் வேறு நகல் கிடையாது.

நவம்பர் 5-ஆம் தேதி நடந்ததைச் சொல்கிறேன். பதினோரு ஆண்டுக்கு முன் மூத்த மகளுக்கு எங்களிடம் பத்திரிகை அடித்தவர் இளைய மகளுக்காக வந்தார். "அதே மாடல், அதே எழுத்து, பேர் மட்டும் மாத்துங்கம்மா" என்றார். கோப்பு திறக்கவில்லை. அதிலிருந்த எழுத்துகளை எப்படியோ பிரித்து எடுத்துப் பார்த்தால், 'திருமணம்' இருக்க வேண்டிய இடத்தில் ஜே, பி, யு, கே, இசட், கே என்று ஆங்கில எழுத்துகளும் கடைசியில் ஒரு அரைப்புள்ளியும் நின்றன. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருக்கும் பாமினி எழுத்துருவை ஏற்றியதும் படிக்க முடிந்தது. ஆனால் அந்த எழுத்தின் அகலம் வேறு. வரிகள் எல்லாம் இடம் மாறிப் பெரியவர்கள் பெயர் இரண்டாக உடைந்தது. கடைசியில் முழுவதையும், இப்போது கணினியிலும் போனிலும் பொதுவாக வழங்கும் யுனிகோடு முறையில் புதிதாக அடித்து, ஒரு தாளில் புரூஃப் எடுத்துக் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியின் கீழும் விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தார். மணப்பெண் பெயரில் விரல் நின்றது. பெயர் 'கோ'வில் தொடங்கும். ககரம் தனியாக நின்றது. முன்னால் வர வேண்டிய இரட்டைக்கொம்பு பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. "என்னம்மா, பொண்ணு பேரே ஒடைஞ்சு கெடக்கு" என்றார். குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வைக்கப் போகிறவர் அவர். மேற்கொண்டு ஒன்றும் பேசாமல் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். வேலை வேறு கடைக்குப் போனது. அந்த முகத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

அன்று மாலை உங்கள் பயிற்சியாளரைக் கேட்டேன். "தமிழுக்கு அப்படித்தான் வரும், சாஃப்ட்வேர் பிரச்சினை" என்றார். இல்லை. புதிய இன்டிசைனின் பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்று ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் கொம்பும் காலும் தம் இடத்துக்கு வந்துவிடுகின்றன. இரவு இரண்டு மணிவரை தேடி நானே கண்டுபிடித்தேன். அரை நிமிட வேலை. தமிழ்நாட்டிலும் புதுவையிலும் டிசைன் மென்பொருள் விற்கிறவர்கள் முதல் நாளே கற்றுத்தர வேண்டியது இது.

இன்னொன்று. உங்கள் கொட்டேஷனில் 16 ஜிபி ரேம், இரண்டு எட்டு என்று இருக்கிறது. பில்லிலும் அப்படியே. கணினியில் இருப்பது ஒரே ஒரு 8 ஜிபி, இரண்டாவது ஸ்லாட் காலி. அதாவது எந்த ஒரு குறைக்காகக் கணினியை மாற்றினேனோ, அந்தக் குறை அப்படியே இருக்கிறது. படம் எடுத்து அனுப்பியும் பதில் இல்லை.

புதிய மென்பொருளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இப்போது வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் தமிழிலேயே விவரம் அனுப்புகிறார்கள். யுனிகோடு இல்லாமல் இனி முடியாது, அதற்குப் புதியது வேண்டும். பழையதை ஒரு மூலையில் ஓடவிட்டு, கோப்புகளை ஒவ்வொன்றாக மாற்றி எடுத்துக்கொண்டு, அப்புறம் நிதானமாக விடை கொடுத்திருப்பேன். அதற்குத்தான் மார்கழி கேட்டேன்.

நான் கேட்பது இவைதான். பழைய சிபியுவை ஃபார்மட் செய்யாமல் அப்படியே திருப்பித் தாருங்கள். எக்ஸ்சேஞ்சில் கழித்த 3,000 ரூபாயை நான் கொடுத்துவிடுகிறேன். டிஸ்க் மட்டும் போதாது, மென்பொருளை நிறுவிப் பதிவு செய்திருப்பது அந்தக் கணினியில்தான். விடுபட்ட 8 ஜிபி ரேமைப் பொருத்துங்கள். பாதியில் விட்ட டேட்டா மாற்றத்துக்கு வாங்கிய கட்டணத்தைத் திருப்புங்கள். இனி யாருக்கு விற்றாலும், அவர்களுடைய எழுத்துரு, பழைய கோப்பு, இணைப்புக் கருவிகள் புதியதில் ஓடுமா என்று முன்னதாகவே சோதித்து எழுதிக் கொடுங்கள். நெல்லிக்குப்பத்திலும் பண்ருட்டியிலும் என்னைப் போல எத்தனையோ கடைகள் உங்களிடம் வாங்குகின்றன.

15 நாளுக்குள், அதாவது டிசம்பர் 4-ஆம் தேதிக்குள், எழுத்தில் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கடைக்கு வாங்கியதால் நான் நுகர்வோர் இல்லை என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் போனில் சொன்னார். சுயதொழில் செய்து பிழைப்பதற்கு மட்டுமே வாங்கிப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அவரிடம் காட்டுங்கள்.

டிசம்பர் 16 மார்கழி முதல் தேதி. அன்று முதல் உங்கள் ஆள் எந்த நாளும் வரலாம், இரண்டு கணினியையும் பக்கத்தில் வைத்து வேலையை முடித்துவிடலாம். பழைய சிபியு மட்டும் அதுவரை காத்திருக்க முடியாது. அது இன்னும் உங்கள் குடோனில்தான் இருக்கிறது என்று நேற்று போனில் சொன்னார்கள். யாரும் அதைத் திறப்பதற்கு முன், இந்த வாரமே அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.